பாட்டில் காசு

அம்மாப்பேட்டையில் எங்கள் சோடா கம்பெனி.
டவுன் பஸ் போனால் ஷட்டர் நடுங்கும்.
முதலாளியின் பிள்ளைகள் இரண்டு பேரும்
ஒரே கல்யாணத்துக்கு வந்திருந்தார்கள்:
ஹூஸ்டனிலிருந்து பசவராஜ்,
ஸ்டுட்கார்ட்டிலிருந்து சௌடேஸ்வரி.
பெட்டிக்குள் துண்டில் சுற்றி
ஆளுக்கொரு ஆரஞ்சு.

ஒரே கம்பெனி, ஒரே பெயர்,
எழுத்தின் வளைவுகூட ஒன்றுதான்.
ஊற்றினேன்.
அமெரிக்கா,
ரோடு போடுகிறவர்கள் மாட்டும் சட்டையின் நிறம்.
ஜெர்மனி,
காலையில் பிழிந்து மறந்துபோன சாத்துக்குடி.
"கெட்டுப்போச்சா இது?" என்றார் முதலாளி.
"இல்லப்பா, உள்ளே கொஞ்சம் பழம் இருக்கு."
அவர் நம்பவில்லை.
முப்பது வருஷமாக அவர் பார்த்த ஆரஞ்சு
டின்னில் வரும் பவுடர்.

பசவராஜ் ஐஸ் கேட்டான்.
மீன் மார்க்கெட் வரை ஆள் போய் வந்தது.
டம்ளர் முழுக்க ஐஸை அடைத்து
இடுக்கில் கொஞ்சம் பானம் ஊற்றிக்கொண்டான்.
"அங்கே இப்படித்தான்.
தீர்ந்தால் திரும்ப நிரப்புவார்கள், காசில்லை,
வாளி மாதிரி டம்ளர்."
சௌடேஸ்வரி ஐஸ் தொடவில்லை.
"எங்க பக்கம் தண்ணி கேட்டாலே
குமிழ் போட்டுத்தான் கொண்டு வருவாங்க.
ஆப்பிள் சாறுல பாதி சோடா,
சாயங்காலமானா எல்லார் கையிலயும் அதான்."
"காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கிறதாச்சே" என்றார் அப்பா.
"கோலாவையும் ஆரஞ்சையும் கலந்தே விப்பாங்கப்பா,
அதுக்குத் தனிப் பேரே இருக்கு."
அதற்கு அவர் பேசவில்லை.
கல்யாண வீட்டில் மிச்சத்தையெல்லாம் ஒன்றாக ஊற்றி
பையன்கள் குடிப்பதை
அவர் திட்டாத வருஷம் இல்லை.

சர்க்கரை பார்க்கும் குழல் என் மேசையில் இருக்கிறது.
ஒரு சொட்டு வைத்து ஜன்னல் பக்கம் பிடித்தால்
நீலம் முடிகிற கோட்டில் எண் தெரியும்.
பசவராஜ் கொண்டுவந்தது பன்னிரண்டு.
அவளுடையது எட்டைத் தொடவில்லை.
"நம்மளோடது?" என்றாள்.
எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை.
பதினாலரை.
பசவராஜ் சிரித்த சிரிப்பில்
கேஸ் சிலிண்டர் அடியில் படுத்திருந்த பூனை
எழுந்து போயிற்று.

முதலாளி குழலை வாங்கித் தானே பார்த்தார்.
லென்ஸைத் துடைத்து இன்னொரு முறை பார்த்தார்.
"வெயில் ஊரு" என்றார்,
யாரும் எதுவும் கேட்காமலே.

போகும்போது பசவராஜ்
தன் பாட்டிலை டிரம்மில் எறிந்தான்.
அவள் கழுவினாள். கவிழ்த்து வைத்தாள்.
லேபிள் கிழியாமல் துடைத்து
பட்டுப் புடவைக்கு நடுவே சொருகினாள்.
"இருபத்தஞ்சு சென்ட் இதுக்கு.
மிஷின்ல போட்டா சீட்டு வரும்."
"ஏழாயிரம் கிலோமீட்டர் தூக்கிட்டுப் போறியா,
இருபத்தஞ்சு சென்ட்டுக்கு?"
"கொண்டு வந்தேன்ல" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
என் வேலையில் பாதி அதுதான்.
திங்கட்கிழமைதோறும் டெம்போவில் ஏற்காடு ஏறி
காலி கிரேட் எண்ணி இறக்குவேன்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
சாமானியர் குடித்து வீசியது
எங்கள் பச்சைக் கண்ணாடி.
ஒன்பதாம் வளைவுக் கடையில் வெள்ளையம்மா
இருபத்துநாலுக்கு இருபத்தொன்று நீட்டி
"குரங்கு தூக்கிட்டுப் போச்சு" என்பாள்.
குரங்குக்குப் பாட்டில் காசு
யாரிடம் வசூலிப்பது?

பத்து நாள் கழித்து
சௌடேஸ்வரியிடமிருந்து ஒரு படம்.
ஸ்டுட்கார்ட்டில் சுவரில் ஒரு வட்டத் துளை,
அதற்குள் பாதி போன பாட்டில்.
கீழே ஒரு வரி: வாங்கிக்கிச்சு.

மாலையில் கணக்கு முடிக்கும்போது
"திரும்பி வந்தவை" பத்தியில்
ஒன்று கூட்டி எழுதிவிட்டேன்.
ஆடிட்டர் கேட்டால்
பார்த்துக்கொள்ளலாம்.